மூன்று நாற்பதுக்குச் சேமித்த பக்கம்

எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் லினக்ஸ். பதினோரு வருடமாக அவற்றைப் பார்த்துக்கொள்வதும் செய்முறை வகுப்பு எடுப்பதும் என் வேலை. வலங்கைமானிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம்; இறங்கினால் மூன்று பக்கமும் வயல், ஒரு பக்கம் கல்லூரி. பெண்கள் கல்லூரி. மழைக்காலத்தில் ஆய்வகத்து ஜன்னலைத் திறந்தால் தவளைச் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது என்று மூடியே வைத்திருப்போம்.

லினக்ஸில் ஒரு மென்பொருளை ஏற்ற வேண்டுமென்றால் இணையத்தில் இருக்கும் களஞ்சியத்திலிருந்து அதை இறக்க வேண்டும். ரெப்போ என்று நாங்கள் சொல்வது அதைத்தான். நாற்பத்திரண்டும் தனித்தனியாகப் போய் ஒரே பொருளை இறக்கினால் எங்கள் இணைப்பு தாங்காது. அதனால் ஆய்வகத்தின் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை ப்ராக்ஸியாக வைத்திருந்தேன். மற்ற கம்ப்யூட்டர்கள் மென்பொருளுக்காக நேரே வெளியே போகாமல் அதனிடம் கேட்கும். அது ஒரு முறை வெளியே போய் எடுத்துவந்து, தன் டிஸ்கில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவர்களுக்கு அந்தப் பிரதியையே கொடுக்கும். அந்த இருப்புக்குக் கேஷ் என்று பெயர். அலுவலகத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதால் சேமிப்பு என்றே சொல்வேன்.

அந்த ஏற்பாட்டை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே படித்து நானே அமைத்தேன். ஆய்வுக்கு யார் வந்தாலும் அந்த மூலைக்கு அழைத்துப்போய்க் காட்டுவேன்.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. கடற்கரையில் அடித்த அளவுக்கு எங்கள் பக்கம் இல்லை. சம்பா நட்டு நாற்பது நாள் ஆன வயல்களில் தண்ணீர் நின்றது, வாய்க்கால் கரையில் ஒரு பூவரச மரம் சாய்ந்தது. சாய்ந்த மரம் எங்கள் கல்லூரிக்கு வரும் இணையக் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் இணைப்பு இல்லை. வெள்ளிக்கிழமை லைன்மேன் வந்தார்.

அவரை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். ஐம்பதை நெருங்குகிறவர். பூம்புகார்ப் பக்கம் கடற்கரை ஊர், மீன்பிடிக் குடும்பம். அண்ணன் இன்னும் கடலுக்குப் போகிறார். இவர் மட்டும் படகை விட்டுவிட்டு ஒரு தனியார் இணைய நிறுவனத்தில் கேபிள் வேலைக்கு வந்துவிட்டார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அன்று மழையில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, தலைமுடி கனத்தில் இருக்கும் கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். மத்தியானம் மூன்றரைக்கு எங்கள் அறையிலிருந்த மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

எனக்கு இருந்த அவசரம் வேறு. பாடத்திட்டம் மாறியிருந்தது. செய்முறைத் தேர்வுக்கு ஒரு புது டேட்டாபேஸ் மென்பொருள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்தாக வேண்டும். தேர்வுக்கு இருபது நாள்கூட இல்லை. விளக்கு எரிந்ததும் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ரெப்போவின் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. இப்போதுதானே இணைப்பு வந்திருக்கிறது, நிலைக்கட்டும் என்று விட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

திங்கட்கிழமையும் அதே பிழைதான். ஒன்றில் இல்லை, நாற்பத்திரண்டிலும். வந்திருக்கும் கோப்பில் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டு, கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்வி கேட்டது: உங்கள் நெட்வொர்க் லாகின் கேட்கிறதா?

அந்தக் கேள்வியை நான் பிடித்துக்கொண்டேன். நெட்வொர்க் என்றால் லைன். லைன் என்றால் அவர்கள் வேலை. உடனே போன் செய்தேன்.

சாயங்காலமே வந்தார். பாக்கெட்டிலிருந்து சின்ன மீட்டரை எடுத்துக் கேபிள் முனையில் சொருகிப் பார்த்தார்.

“லைட்டு நல்லா வருது மேடம். புயலுக்கு முன்னாடி இருந்தத விட நல்லாவே வருது.”

“வெப்சைட் எல்லாம் வருது அண்ணே. ஆனா மென்பொருள் இறக்க முடியல. உங்க ஆபீஸ்ல ஏதோ தடுத்து வச்சிருக்காங்க.”

“கேட்டுப் பாக்குறேன்.” அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் செய்தார். தடுப்பு எதுவும் இல்லை என்றார்கள். செவ்வாய்க்கிழமை மறுபடி வந்து மோடத்தையே மாற்றினார். பிழை போகவில்லை. மூலைக் கம்ப்யூட்டரை நானும் ஒரு தடவை அணைத்துப் போட்டேன். அதற்குமேல் அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மூன்றாவது முறையாக வந்தார். அதற்கு முன் வாய்க்காலில் இறங்கி, வெள்ளிக்கிழமை ஒட்டிய இணைப்பைப் பிரித்து மறுபடி ஒட்டிவிட்டு வந்திருந்தார். பேன்ட் முழங்கால் வரை சேறு. ஆய்வகத்து வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வந்தால் தரை வீணாகும் என்று. உள்ளே இரண்டாம் ஆண்டு மாணவிகள் முப்பது பேர் இருந்தார்கள். நான் கட்டளையைக் கொடுத்தேன். சிவப்பு எழுத்து.

அவர் வாசலில் இருந்தபடியே சொன்னார். “மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. போன்ல எல்லாம் வருது, பிரவுசர்ல எல்லாம் வருது. இது ஒண்ணுதான் வரலன்னா, இங்க உள்ளுக்குள்ளதானே பாக்கணும்?”

“நாப்பத்திரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நாள்ல கெட்டுப்போகுமா அண்ணே? நீங்க லைன் ஒட்டின அன்னையிலேருந்துதான் இப்படி இருக்கு.”

“ஒட்டுனதுல தப்பில்ல மேடம். மீட்டர்ல காட்டுறேன் பாருங்க.”

“மீட்டர் எனக்கு வேணாம். எனக்கு வேல நடக்கணும். உங்களுக்குத் தெரியலன்னா தெரிஞ்சவங்கள அனுப்பச் சொல்லுங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மீட்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் கல்லூரியின் பெயரில் ஒரு புகார்க் கடிதம் தயாரித்து, துறைத்தலைவரிடமும் முதல்வரிடமும் கையெழுத்து வாங்கி, தஞ்சாவூரில் இருந்த லைன்மேனுடைய அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்பினேன். மூன்று முறை வந்தும் குறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, திறமையான ஆளை அனுப்பவும் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை எழுதும்போது எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொருவர் வந்தார். கும்பகோணத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். அவரும் மீட்டரைச் சொருகினார். அவரும் லைன் சரி என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் லைனில்தான் ரெப்போ அடைபடுகிறது என்பதை அவர் கண்ணெதிரிலேயே காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“இப்ப பாருங்க. இந்தக் கம்ப்யூட்டர் மூலையில இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர் வழியாத்தான் போகுது. அந்த வழிய எடுத்துட்டு நேரா உங்க லைன்லயே விடுறேன். அப்பவும் வராது.”

ப்ராக்ஸியின் முகவரி ஒரே ஒரு வரி. அந்த வரியின் முன்னால் ஒரு குறி போட்டால் கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. குறியைப் போட்டுக் கட்டளையைக் கொடுத்தேன்.

வந்துவிட்டது. வெள்ளை எழுத்தில், வரி வரியாக, ஒரு பிழையும் இல்லாமல் மொத்தப் பட்டியலும் இறங்கி முடிந்தது. பத்து விநாடிகூட ஆகவில்லை.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் அதையே செய்தேன். அதிலும் வந்தது.

“அப்ப லைன் ஓகேதானே மேடம்?” என்றார் அவர். குரலில் கேலி இல்லை. படிவத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், அதற்காகக் கேட்டார்.

“ஓகே.”

“முன்னாடி வந்த அண்ணனும் இதத்தான் சொன்னாங்களாம். பாவம், அவங்கள வேதாரண்யம் பக்கம் போட்டுட்டாங்க.”

“எப்போ?”

“சனிக்கெழம. இங்க கம்ப்ளெயின்ட் வந்துச்சுல்ல. அங்க போஸ்ட்டெல்லாம் சாஞ்சு கெடக்கு, ஆள் வேணும்னாங்க. இவங்க மேல எழுத்துல புகார் இருக்கவும் இவங்களத் தூக்கிப் போட்டுட்டாங்க.”

அவர் போன பிறகு ஆய்வகத்தில் வகுப்பு இல்லை. மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அது என்ன சேமித்து வைத்திருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. சேமிப்புக் கோப்புறைக்குள் போய், ரெப்போவின் முகப்புப் பட்டியல் இருக்கும் கோப்பைத் திறந்தேன். கையெழுத்தோடு மென்பொருள் விவரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வலைப்பக்கம் இருந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் இணைப்பு இன்னும் செயல்படுத்தப்படவில்லை, லாகின் செய்யவும் என்று இரண்டு மொழியில். சேமித்த நேரம் வெள்ளிக்கிழமை, மூன்று நாற்பது.

எனக்கு அந்த நேரம் நன்றாக நினைவிருந்தது. மூன்றரைக்கு விளக்கு எரிந்தபோது அவர் வாசலில் டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: “மேடம், ஆபீஸ்ல லாகின் ஏத்தணும். அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் எதும் பண்ண வேணாம்.” சரி சரி என்று சொல்லிவிட்டு நான் கட்டளையைக் கொடுத்தேன். லாகின் ஏறாத லைனில் எதைக் கேட்டாலும் அவர்களுடைய சர்வர் அந்த அறிவிப்பைத்தான் திருப்பி அனுப்பும். என் ப்ராக்ஸி பட்டியலைக் கேட்டது, அறிவிப்பு வந்தது, அதைப் பட்டியல் என்று நம்பி எடுத்து வைத்துக்கொண்டது. நாலு மணிக்கெல்லாம் லாகின் ஏறியிருக்கும். ஆனால் நாற்பத்திரண்டு கம்ப்யூட்டருக்கும் அது அந்த அறிவிப்பையே கொடுத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு நாளாக அது ஏன் புதிதாக எடுக்கவில்லை என்பது கொஞ்ச நேரம் புரியவில்லை. பதிவுகளைப் படித்தபோது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அது ரெப்போவிடம் போய், வெள்ளிக்கிழமை மூன்று நாற்பதுக்குப் பிறகு பட்டியல் மாறியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறது. அந்தப் பட்டியல் சில மாதத்துக்கு ஒரு முறைதான் மாறும். இல்லை என்று ரெப்போ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அப்படியானால் என்னிடம் இருப்பதே போதும் என்று இது திரும்பியிருக்கிறது. அணைத்துப் போட்டால் டிஸ்கில் இருப்பது அழியாது. அதனால் நான் அணைத்துப் போட்டதிலும் பயனில்லை.

அந்த நேரத்தில் சேமித்த கோப்புகளை மட்டும் தேடி அழித்தேன். ஐந்துதான் இருந்தன. ப்ராக்ஸியை மறுபடி தொடங்கிவிட்டு, இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்ட குறியை எடுத்துவிட்டு, அதன் வழியாகவே கட்டளையைக் கொடுத்தேன். பட்டியல் வந்தது. முதல் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் ஏற நாலு நிமிடம். இரண்டாவதில் முக்கால் நிமிடம். பிரதி அருகிலேயே இருந்தது. சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டும் முடிந்தன. வழக்கமாக இப்படி ஒரு வேலை முடிந்தால் கேண்டீனுக்குப் போய் ஒரு காபி குடிப்பேன். அன்று போகத் தோன்றவில்லை.

துறைத்தலைவரிடம் சொன்னேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்லவர். முழுவதையும் கேட்டார்.

“இப்ப சரியாயிடுச்சுல்ல?”

“ஆயிடுச்சு மேடம். ஆனா தப்பு நம்ம பக்கம். அவர மாத்திட்டாங்களாம்.”

“அவங்க ஆபீஸ்ல ஆயிரம் காரணம் இருக்கும்மா. நாம எழுதினதுனால மட்டுமா மாத்துவாங்க? பரீட்ச வருது, அதப் பாருங்க.”

எனக்கும் அது வசதியாக இருந்தது. தேர்வு முடியட்டும் என்று சொல்லிக்கொண்டேன். தேர்வு நன்றாக நடந்தது. ஒரு கம்ப்யூட்டர்கூடப் படுக்கவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஏற்பாடு நன்றாக இருக்கிறது என்று மூலையைப் பார்த்துப் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகும் நாலு நாள் போன் செய்யவில்லை. எண்ணை எடுப்பேன், மணி பார்ப்பேன், இப்போது கம்பத்தில் ஏறியிருப்பார் என்று வைத்துவிடுவேன்.

ஐந்தாம் நாள் கல்லூரி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அழைத்தேன். எடுத்ததும் காற்று இரைந்தது.

“சொல்லுங்க மேடம். லைன் போயிடுச்சா?”

“இல்ல அண்ணே. லைன் நல்லா இருக்கு.” அதற்குமேல் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. நடந்ததை அப்படியே வரிசையாகச் சொன்னேன். மூன்று நாற்பது, லாகின் பக்கம், மூலைக் கம்ப்யூட்டர், நீங்கள் தொட வேண்டாம் என்றது, நான் தொட்டது.

“அந்த லாகின் பக்கம் உள்ள இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “சரி மேடம். எங்கிட்ட சொல்லிட்டீங்க. ஆனா ஆபீஸ்ல இருக்கிறது உங்க லெட்டருதான். அதுல இருக்கிறத எடுக்கணும்னா நீங்க எழுத்துல குடுத்தாத்தான் உண்டு. நான் போய் வாயால சொன்னா யாரு கேப்பா?”

“குடுக்கிறேன் அண்ணே.”

“சரிங்க. மேல ஏறணும், வச்சிடுறேன்.”

மறுநாள் கடிதம் எழுதினேன். கல்லூரியின் தாளில் கையெழுத்துப் போட முதல்வர் தயங்கினார். முன்பு கொடுத்த புகாரில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. இப்போது கல்லூரியே தவறு என்று எழுதித் தரலாமா என்று கேட்டார். அவர் சொல்வதும் எனக்குப் புரிந்தது. “அப்ப என் பேர்ல குடுத்துக்கிறேன் சார்,” என்றேன். “அது உங்க இஷ்டம்,” என்றார். வெள்ளைத் தாளில் என் பெயரையும் வேலையையும் எழுதி, குறை எங்கள் ப்ராக்ஸியில் இருந்தது, உங்கள் ஊழியர் மூன்று முறையும் சரியாகச் சொன்னார், அவர் எச்சரித்தும் நான் கேட்கவில்லை, புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆறு வரி எழுதினேன். அந்த ஆறு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது.

மெயிலில் அனுப்பினால் படிப்பார்களோ என்னவோ என்று சனிக்கிழமை நானே தஞ்சாவூர் போனேன். மாடியில் சின்ன அலுவலகம். மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதக் குடுக்கவா மேடம் அங்கேருந்து வந்தீங்க?”

“ஆமா சார்.”

“கம்ப்ளெயின்ட் குடுக்க வர்றவங்கள நெறையப் பாத்திருக்கேன்.” கடிதத்தை மறுபடி படித்தார். “அங்க வேல முடிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும். உடனே கூப்பிட முடியாது. ஆனா இத அவர் ஃபைல்ல வச்சிடுறேன். பழைய ரூட்டுக்கே போட்டுடுவோம்.”

பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக் கேட்டு வாங்கினேன். அதைப் போட்டோ எடுத்து லைன்மேனுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை.

தை பாதியில், அறுவடை மெஷின்கள் வயலில் இறங்கியிருந்த சமயத்தில், ஒரு காலை அவரைக் கல்லூரி நூலகத்து வாசலில் பார்த்தேன். புது இணைப்பு ஒன்று கொடுக்க வந்திருந்தார். வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தார். நான் அருகில் போனதும் ஏணியை விட்டு இறங்கினார்.

“எப்ப வந்தீங்க அண்ணே?”

“பொங்கலுக்கு மறுநா மேடம். உங்க லெட்டரக் காட்டுனாங்க.”

“நான் அன்னிக்கு பொண்ணுங்க முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க.”

உடனே பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லவில்லை. கையிலிருந்த பிளையரைப் பைக்குள் வைத்தார்.

“கஷ்டமாத்தான் இருந்துச்சு மேடம். இல்லன்னு சொல்ல மாட்டேன். வேல கூட பெருசில்ல. ஒரு ஸ்கூல்ல தங்க வச்சிருந்தாங்க, சாப்பாடெல்லாம் போட்டாங்க. உப்பளத்து நடுவுல கம்பம் நடறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல. அப்பத்தான் ஊர்ல கடல் மறுபடி ஏறுச்சு. அண்ணன் படக மேல இழுக்கணும். எப்பவும் நானும் அவருந்தான் முன்னாடி நிப்போம். இந்தத் தடவ நான் இல்ல. வேற ஆள் வச்சு இழுத்திருக்காங்க, எஞ்சின் பக்கம் அடிபட்டுப் போச்சு. இருபது நாள் அவர் கடலுக்குப் போகல. அவர் இன்னும் எங்கிட்ட சரியாப் பேசல.”

“என்னாலதான்,” என்றேன்.

“உங்களாலன்னு சொல்லல. மன்னிப்புக் கேட்டீங்க, அதான் சொன்னேன்.”

நூலகத்துக்குள்ளிருந்து யாரோ வைஃபை எப்போது வரும் என்று கேட்டார்கள். மத்தியானம் வந்துவிடும் என்று அவர் பதில் சொன்னார். பிறகு என்னிடம், உங்கள் மூலைக் கம்ப்யூட்டர் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் ஏணியைச் சுவரில் மறுபடி சாய்த்து, ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். எனக்கு மூன்றாம் பீரியட் வகுப்பு இருந்தது. மணி அடித்ததும் போனேன்.